கும்மிடிப்பூண்டியில் ஒரு நீலப் புள்ளி

1

ஜெர்மனிக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் நிறைந்த நாளை நான் கொண்டாடிய இடம், எங்கள் ஊர் நகராட்சி அலுவலகத்தின் காத்திருப்பு அறை. குடியுரிமை விண்ணப்பத்தில் ஒரு தாள் குறைகிறது என்று கடிதம் வந்திருந்தது. எந்தத் தாள் என்று கடிதத்தில் இல்லை. தொலைபேசியில் கேட்டேன். தரவுப் பாதுகாப்பு காரணமாகத் தொலைபேசியில் சொல்ல இயலாது என்றார் ஓர் அம்மையார். மின்னஞ்சலில்? அதுவும் இயலாது. நேரில் வந்தால் சொல்வாராம். ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சிற்றூரில், ஒரு மனிதனின் அந்தரங்கத்தை அவனிடமிருந்தே காப்பாற்றுவதில் அவ்வளவு அக்கறை.

அந்த அறையில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். என் பெயர் ராஜேந்திரன் என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் மற்ற ஒன்பது பேருக்குத் தெரிந்துவிட்டால் என்ன ஆவது? ஆகவே சீட்டில் எண் கொடுத்திருந்தார்கள். சுவரில் பெரிய எழுத்தில் ஒரு விளம்பரம்: 'உங்கள் தரவு உங்களுக்கே சொந்தம்.' அதற்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு நான் ஃபோனை எடுத்து, வழக்கம்போல, என் அப்பா எங்கே இருக்கிறார் என்று பார்த்தேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலையில் முப்பது வருடம் உலைக்கு முன்னால் நின்றவர். வயது அறுபத்தேழு. அம்மா இறந்து ஆறு வருடமாகிறது. அதிலிருந்து தனியாகத்தான் இருக்கிறார். ஜெர்மனிக்கு வரச் சொன்னதற்கு, "அங்க வந்து நான் யார்கிட்ட பேசுறது? செவுத்துகிட்டயா?" என்று கேட்டார். ஆகவே இரண்டு வருடத்துக்கு முன் ஊருக்குப் போனபோது ஒரு புது ஃபோன் வாங்கிக் கொடுத்து, அவர் இருக்கும் இடம் எந்நேரமும் என் ஃபோனில் தெரியும்படி செய்துவிட்டு வந்தேன். "பாதுகாப்புக்காக ஒரு செட்டிங் போட்டுக்கிறேன் நைனா" என்றேன். "சரிடா" என்றார். இங்கே ஓர் இணையதளத்தில் காலுறை வாங்குவதற்குள் ஏழு முறை ஒப்புதல் கேட்கிறார்கள். நைனா கொடுத்த ஒப்புதல் அந்த ஒரு சொல்தான். அதை நான் இரண்டு வருடமாக வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

வரைபடத்தில் அவர் ஒரு நீலப் புள்ளி. வீடு, டீக்கடை, மார்க்கெட், வீடு. இதைப் பார்ப்பது எனக்குப் பல் துலக்குவதுபோல ஆகிவிட்டிருந்தது. அன்றைக்குப் புள்ளி வீட்டில் இல்லை. ஊருக்கு வெளியே, தேர்வாய் கண்டிகை தொழிற்பூங்காவின் வாசலில் இருந்தது.

நடைபாதைக்கு வந்து கூப்பிட்டேன்.

"எங்க கீற நைனா?"

"ஊட்லதான்டா. வேற எங்க போவப்போறேன்?"

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் லாரி நிறுத்த இடமில்லை. ஆனால் அதை நான் எப்படிச் சொல்வது? அவர் வீட்டில் இல்லை என்பது எனக்குத் தெரியும் என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்.

"சாப்ட்டியா?" என்றேன்.

"ஆச்சு" என்றார்.

உள்ளே என் எண் வந்து போய்விட்டிருந்தது. புதுச் சீட்டு எடுத்து இன்னும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். குறைகிறது என்ற அந்தத் தாள், தரவுப் பாதுகாப்பு விதிகளைப் படித்துப் புரிந்துகொண்டேன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டிய தாள்.

2

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த ஜெர்மன் ஊரில் நான் ஒரு போராளி.

மாதத்தின் முதல் சனிக்கிழமை தேவாலயக் கூடத்தில் பழுதுபார்ப்போர் மன்றம் கூடும். ஊரார் கொண்டுவரும் டோஸ்டர், விளக்கு, ஃபோன் எல்லாவற்றையும் என்னைப் போன்ற தன்னார்வலர்கள் இலவசமாகச் சரிசெய்து கொடுப்போம். பாதி சரியாகாது. கேக் நன்றாக இருக்கும். ஐரோப்பாவில் இப்போது ஃபோன் பெட்டியின் மேலேயே, அதைப் பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்று ஓர் எழுத்துக் குறியீடு போட வேண்டும், உதிரிபாகம் பல ஆண்டுகள் கிடைக்க வேண்டும் என்றெல்லாம் விதி வந்துவிட்டது. போதாது என்பது எங்கள் கட்சி. வெளியில் வாங்கிய உதிரிபாகத்தைப் போட்டால் ஃபோன் முறைத்துக்கொள்ளக் கூடாது. எந்தச் செயலி நம்மைப் பற்றி எதைப் பார்க்கிறது என்பதை வாங்கியவர் ஒரே இடத்தில் கண்டு நிறுத்த முடிய வேண்டும். கம்பெனிக்காரர்களின் கட்சி வேறு: கண்டவர் கையில் ஃபோனைத் திறக்கக் கொடுத்தால் உங்கள் அந்தரங்கம் போய்விடும். அதாவது அவர்களைத் தவிர வேறு யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது.

நைனாவின் புள்ளி தேர்வாய்க்குப் போன அதே வாரம் இதைப் பற்றி ஒரு பொதுக்கூட்டம். என்னையும் மேடையில் ஏற்றினார்கள். ஜெர்மன் மொழியில் 'ஊபர்வாஹுங்' என்றால் கண்காணிப்பு. 'ஊபர்ராஷுங்' என்றால் எதிர்பாராத மகிழ்ச்சி. நாக்கு ஓரிடத்தில் வழுக்கினால் போதும், முதலாவது இரண்டாவதாகிவிடும். நான் கையை உயர்த்தி, "பெற்ற பிள்ளையே ஆனாலும் இன்னொருவருக்கு எதிர்பாராத மகிழ்ச்சி கொடுக்க உரிமை கிடையாது! அதை இன்றே தடை செய்யுங்கள்!" என்று முழங்கினேன். கூடம் சிரித்தது. பிறகு, வெளிநாட்டுக்காரர் மனம் நோகக் கூடாதே என்று எழுந்து நின்று கைதட்டியது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த என் மகள் நிலா நாற்காலியில் சறுக்கித் தரைக்குக் கிட்டத்தட்டப் போய்விட்டாள். அவளுக்கு வயது பதினைந்து. கைக்குழந்தையாக இங்கே வந்தவள். என் ஜெர்மனைத் திருத்துவதை அவள் எப்போதோ நிறுத்திவிட்டாள். இப்போது என் பக்கத்தில் உட்காருவதையும் நிறுத்தியிருந்தாள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் நான் செய்த முதல் காரியம், நைனாவின் புள்ளியைப் பார்த்தது.

அடுத்த மூன்று வாரம் இப்படியே போனது. அதிகாலையில் புள்ளி தேர்வாய்க்குப் போகும், மதியம் வீடு திரும்பும். தினமும் நான் கூப்பிடுவேன். "எங்க கீற?" என்பேன். "ஊட்ல" என்பார். அப்படியா என்பேன். அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அப்பாவும் மகனும் இவ்வளவு ஒழுங்காகத் தினமும் பேசியது அதற்கு முன் இல்லை.

என் மனதில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு தொழிற்சாலை வாசலில் தொளதொளத்த சீருடையில் நைனா நிற்கிறார், உள்ளே போகும் காருக்கெல்லாம் சல்யூட் அடிக்கிறார். ஜெர்மனியில் பையன் இருக்கும்போது அப்பா காவலாளி வேலையா? நண்பர்கள் என்ன நினைப்பார்கள்? அவர் கால்வலியைப் பற்றியும் கவலைப்பட்டேன் என்று இங்கே எழுத ஆசைதான். வரிசைப்படி பார்த்தால் அது இரண்டாவதாகத்தான் வந்தது.

3

ஒரு செவ்வாய்க்கிழமை புள்ளி தேர்வாய் வாசலிலேயே நின்றுவிட்டது. மதியமாகியும் நகரவில்லை. மாலையாகியும் நகரவில்லை. கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்ற குரல். மறுநாள் காலையிலும் அதே இடம், அதே குரல்.

மணவாள நகரில் இருக்கும் என் தங்கை வசந்தாவைக் கூப்பிட்டேன். அவள் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். நைனாவின் ஃபோன் வேலை செய்யவில்லை, போய்ப் பார் என்று மட்டும் சொன்னேன். புள்ளியைப் பற்றி அவளிடமும் சொன்னதில்லை. அவள் அரைநாள் விடுப்புச் சொல்லி, ஊத்துக்கோட்டை பஸ் பிடித்து, அங்கே பஸ் மாறி, கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்ந்து கூப்பிட்டாள்.

"இன்னாணா நீ! உசுரு போறமாரி கத்துன. நைனா ஊட்ல குந்திகினு டிவி பாத்துகினு கீறாரு. ஃபோன் நேத்தே ஆஃப் ஆயி சார்ஜ் ஏறலியாம், ரிப்பேருக்குக் குடுத்துக்கிறாராம். இதுக்கு என்ன பேஜார் பண்ணி பஸ்ல ஏத்தி உட்டியே?"

"எந்தக் கடையில?"

"ஸ்டேஷன் பக்கத்துல, ஸ்டெல்லா கட."

கடை எண்ணை வாங்கி உடனே கூப்பிட்டேன். ஸ்டெல்லா என்ற அந்தப் பெண்ணிடம், ஃபோனைத் திறக்க வேண்டாம், சென்னையில் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்கிறேன் என்றேன். காரணமும் சொன்னேன்: அப்பாவின் அந்தரங்கத் தகவல்கள் அதில் இருக்கின்றன.

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குவது கேட்டது.

"சார், ரிப்பேர் பண்றது எல்லாரோட உரிமைன்னு நீங்க அந்த ஊர்ல மீட்டிங்லாம் பேசுவீங்களாமே? பெரியவரு சொன்னாரு. அது அந்த ஊருக்கு மட்டுந்தானா?"

இந்த வேலையை எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன்.

"நான் ஃபோன் ஃபாக்டரில ஆறு வருஷம் லைன்ல நின்னவ சார். கம்பெனிய மூடிட்டு வேற நாட்டுக்குப் போய்ட்டாங்க. எங்க கை இங்கயேதான் கீது. சார்ஜ் போடற எடத்துல துரு ஏறிக்கிது, அவ்ளோதான். பார்ட் நாளைக்கு வந்துரும். அந்தரங்கம்னா பயப்படாதீங்க, நான் யார்கிட்டயும் பின் நம்பர் கேக்கறதில்ல. அவங்களே போட்டு, அவங்களே செக் பண்ணிட்டு எடுத்துனு போவாங்க."

"சரிம்மா, நல்லது" என்றேன்.

"இன்னொன்னு சார். குடுக்கும்போது எந்த ஆப்பு எத்த பாத்துகினு கீதுன்னு ஒருதபா அவங்க கையாலயே தொறந்து பாக்க வெப்பேன். இங்க ஹாஸ்டல்ல தங்கி வேலைக்குப் போற பொண்ணுங்க நெறைய. அண்ணங்காரன், கட்டிக்கப்போறவன், எவன்னா ஒருத்தன் எங்க போறா வர்றான்னு பாக்கறமாரி போட்டு உட்டுக்கிறான். அதுங்களுக்குத் தெரியறதே இல்ல. அதுலேர்ந்து எல்லாருக்குமே காட்டிர்றது."

நாங்கள் கூடத்தில் கேக் சாப்பிட்டுக்கொண்டு எந்த உரிமைக்காகக் கையெழுத்து வேட்டை நடத்துகிறோமோ, அதை இந்தப் பெண் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏற்கெனவே நடத்திக்கொண்டிருந்தாள். நான் பாராட்டியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது இது:

"அப்பாவுக்கு அதெல்லாம் காட்ட வேணாம்மா. வயசானவரு. புரியாது. குழப்பிக்குவாரு."

"அப்ப நீங்கதானா சார் அது?" என்றாள் ஸ்டெல்லா.

4

மறுநாள் நைனாவே கூப்பிட்டார். நான் அலுவலகத்தில் இருந்தேன். மாடிப்படிக்கு வந்து எடுத்தேன்.

"எவ்ளோ நாளாடா?"

"ரெண்டு வருஷமா."

"நான் கக்கூஸ் போனாக்கூட தெரியுமா?"

"ஊட்டுக்குள்ள எங்கன்னு காட்டாது நைனா."

"பரவால்ல. அதுவரைக்கும் மரியாத குடுத்துக்கிற."

"உனக்கு ஒன்னு ஆச்சுன்னா யாருக்குத் தெரியும்? அதுக்குத்தான் போட்டேன். சொல்லிட்டுத்தான் போட்டேன். பாதுகாப்புன்னு."

"திருடனுக்கும் கேமரா வெக்கறதுக்குப் பாதுகாப்புன்னுதான் பேரு. நான் தேர்வாய் போறன்னு தெரிஞ்சிகினே தெனம் எங்க கீற, எங்க கீறன்னு கேட்டியேடா. பொய் சொல்றேனான்னு டெஸ்ட் பண்ணியா?"

"நீ ஏன் பொய் சொன்ன?"

கேட்டிருக்கக் கூடாது. குரல் உலைக்குப் பக்கத்தில் நின்ற காலத்துக் குரலாக மாறியது.

"அது என் விசியம். அங்க இன்னா பண்றேன்னு தெரியுமா உனுக்கு?"

"தெரியாது."

"அது தெரியலியா உன் மிஷினுக்கு?"

வைத்துவிட்டார். வரைபடத்தைத் திறந்தேன். புள்ளி இல்லை. அணைத்திருந்தார். ஸ்டெல்லா சொல்லிக் கொடுத்திருப்பாள். புரியாதவர் என்று நான் சொன்ன மனிதர், ஒரே தடவையில் புரிந்துகொண்டுவிட்டார்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் என் அழைப்பை அவர் எடுக்கவில்லை. வசந்தாவிடம் பேசினார், என்னிடம் பேசவில்லை. ஒரு மாலை என் மனைவி சுதா சாப்பாட்டு மேசையில் இதைக் கேட்கப்போக, நான் முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. நிலா முட்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்பா, எனக்கும் அதையேதான் செய்றீங்க."

"நீ குழந்தை."

"எனக்கு முதல் நாளே தெரியும். நான் எங்கேயாவது போகணும்னா ஃபோனை ஸ்கூல் லாக்கரில் வெச்சிட்டுப் போவேன்." பிறகு ஜெர்மனில், மிகவும் மரியாதையாக, ஓர் அதிகாரியிடம் பேசுவதுபோல, தன் புள்ளியை நீக்கும்படி கேட்டாள். பரிசீலிக்கிறேன் என்றேன். இந்த நாட்டில் பதினான்கு வருடத்தில் நான் நன்றாகக் கற்ற ஒரே வாக்கியம் அது.

ஆக, ஒரு வருடமாக நான் அன்போடு பார்த்துவந்தது ஓர் இரும்பு லாக்கரை.

5

டிசம்பர் விடுமுறையில் தனியாக ஊருக்குப் போனேன். நைனா கதவைத் திறந்து, "வா" என்றார். குளிக்க வெந்நீர் வைத்திருந்தார். மறுநாள் விடிந்ததும் மொபெட்டை வெளியே எடுத்து, "ஏறு" என்றார்.

தேர்வாய் தொழிற்பூங்காவின் வாசலுக்கு எதிரே, புளியமரத்தடியில் ஒரு நாஷ்டா வண்டி. தார்ப்பாய்க் கூரை, இரண்டு அடுப்பு, நாலு பிளாஸ்டிக் ஸ்டூல். ஷிஃப்ட் முடிந்து வருபவர்களும் உள்ளே போகிறவர்களும் மோதிக்கொண்டு நின்றார்கள். ஐம்பத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண்மணி தோசைக் கல்லின் முன் நின்றிருந்தார். மேலே ஓர் ஆண்சட்டை போட்டு முழுக்கையை மடக்கிவிட்டிருந்தார். அந்தச் சட்டையை எனக்குத் தெரியும். நான் நைனாவுக்கு வாங்கி அனுப்பியது.

"இவுங்க பத்மா" என்றார் நைனா. அதற்கு மேல் சொல்லாமல் தேங்காய் துருவியின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

"வா தம்பி, குந்து" என்றார் அந்த அம்மா. "ஆர்.கே.பேட்டைலேர்ந்து பையனோட வந்தேன், அவன் வேலைக்குன்னு இங்க. அவன் கல்யாணம் ஆயி தனியா போய்ட்டான். நான் வண்டி போட்டேன். உங்க நைனா ஒருநாள் டீ குடிக்க வந்தாரு. சட்னி அரைக்க ஆளில்லாம நின்னுகினு இருந்தேன். குடும்மான்னு வாங்கி அரைச்சாரு. மறுநாளும் வந்தாரு."

காவலாளி இல்லை. சல்யூட் இல்லை. இரண்டு மாதமாக என் புள்ளி சட்னி அரைத்துக்கொண்டிருந்தது.

நான் இட்லியைப் பிய்த்துக்கொண்டே நைனாவைப் பார்த்தேன். ஒருவர் சாம்பார் கேட்டார், ஊற்றினார். இன்னொருவர் வடநாட்டுக்காரர், இந்தியில் ஏதோ கேட்டார். நைனா தமிழில் பதில் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். அம்மா போனதற்குப் பிறகு அவர் சிரித்து நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வாய்ப்பில்லை. வரைபடத்தில் அதற்கு வழி இல்லை.

கூட்டம் குறைந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே நைனா" என்றேன்.

"இன்னான்னு சொல்றது? எனுக்கே இன்னான்னு தெரியாது. நான் வர்றேன், அது ஒன்னியும் கேக்கறதில்ல. நானும் கேக்கறதில்ல. ஒரு பேர் வெச்சாத்தான் உன்கிட்ட சொல்ல முடியும். பேர் வெக்கறதுக்கு முன்னாடியே நீ வந்து எட்டிப் பாத்துட்ட."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்கமுடியவில்லை. "தப்புதான் நைனா" என்றேன். ஐரோப்பாவில் எந்தக் கம்பெனியிடமும் நாங்கள் இதுவரை வாங்க முடியாத வாக்குமூலம் அது.

"வசந்தாவுக்கு யார் சொல்றது?" என்றார்.

"நீயே சொல்லு. எப்ப சொல்லணுமோ அப்ப."

அந்த வாரமே சொன்னார். வசந்தா அழுதாள். அம்மா படத்துக்கு முன்னால் போய் நின்று கதவைச் சாத்திக்கொண்டாள். ஊரில் தலைகாட்ட முடியாது என்றாள். "நீ ஏன்ணா என்கிட்ட மறைச்ச? உன் ஃபோன்ல தெரிஞ்சிகினு இருந்துச்சில்ல?" என்று என்னிடமும் சண்டை போட்டாள். அவள் இன்னும் நைனாவோடு பேசவில்லை. அதைப் பழுதுபார்க்க எந்த மன்றமும் இல்லை.

கிளம்புவதற்கு முன் ஸ்டெல்லா கடைக்குப் போய் என் ஃபோனுக்குப் புது பேட்டரி போட்டுக்கொண்டேன். பெட்டிக்கு மேலே பழுதுபார்ப்புக் குறியீடு போட இந்தியாவிலும் பேச்சு நடக்கிறதே, உனக்கு நல்லதுதானே என்று கேட்டேன். "போடட்டும் சார். அப்படியே பார்ட்டும் எங்க கைக்குக் குடுக்கச் சொல்லுங்க. எழுத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது?" என்றாள், திருகாணியிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு ஃபோனை என் கையில் கொடுத்து, எந்தச் செயலி எதைப் பார்க்கிறது என்று என்னையே திறந்து பார்க்கச் சொன்னாள். நான் திறந்தேன். முப்பத்தொரு செயலிகள் நான் எங்கே இருக்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தன. போராளி என்றால் சும்மாவா?

6

திரும்பி வந்ததும் நிலாவின் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டேன். முதல் வெள்ளிக்கிழமை அவள் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தாள். ஜன்னலருகே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோழியோடு பேசிக்கொண்டே நடந்து வந்ததாக, நான் கேட்காமலே சொன்னாள். நாற்பது நிமிடத்தில் எனக்குக் கொஞ்சம் வயதானது உண்மை.

ஊரிலிருந்து கிளம்பும்போது நைனாவிடம், தினமும் கூப்பிடலாமா என்று கேட்டிருந்தேன். "கூப்டு. கை ஈரமா இல்லன்னா எடுப்பேன்" என்றார். சில நாள் எடுக்கிறார். சில நாள் எடுப்பதில்லை. எடுக்காத நாளில் என் விரல் தானாக வரைபடத்துக்குப் போகும். அங்கே கும்மிடிப்பூண்டி இருக்கும், சாலை இருக்கும், ரயில் பாதை இருக்கும். அவர் இருக்க மாட்டார். இரண்டு வருடப் பழக்கம், விடுவதற்கு நேரமாகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்று முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. திங்கட்கிழமையும் இல்லை. வசந்தாவைக் கூப்பிடலாமா, ஸ்டெல்லாவைக் கூப்பிடலாமா என்று யோசித்து, கூப்பிடாமல் அலுவலகம் போனேன். ஒரு கூட்டத்தின் நடுவில் ஃபோன் அதிர்ந்தது. நைனா.

"பிஸியா கீறியா?"

"இல்ல, சொல்லு நைனா" என்று எழுந்து வெளியே வந்தேன்.

"பத்மாவுக்கு ரெண்டு நாளா ஜொரம். வண்டிய நான் ஒருத்தனே ஓட்டினேன். சாம்பார்ல உப்பு ரெண்டு தபா போட்டுட்டேன்டா. நாப்பது பேர் துன்னானுங்க, ஒருத்தன் வாயத் தொறக்கல. கடைசீல அந்த வடநாட்டுக்காரன் வந்து, இன்னிக்கி நீயான்னு கேட்டுட்டு, ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சிட்டுப் போறான்."

அவர் சிரித்தார். ஜொரம் இறங்கிவிட்டது என்றார். நாளைக்கு ரவா உப்புமா செய்யலாமென்று இருக்கிறேன், அதற்குத் தண்ணீர் எவ்வளவு வைப்பது என்று சுதாவிடம் கேட்டுச் சொல் என்றார். பதினோரு நிமிடம் பேசினார். பதினான்கு வருடத்தில் அவர் தானாக என்னைக் கூப்பிட்டு, நான் எதுவும் கேட்காமல், தன் நாளைப் பற்றிச் சொன்னது அதுதான் முதல்முறை.